நம் மருத்துவப் பதிவை யார் யார் பார்க்கலாம்?

"அரசு மருத்துவமனையில் இருக்கும் என் பதிவுகளைத் தனியார் நிறுவனங்களோடு பகிரப் போகிறார்களாம். பெயரை எடுத்துவிட்டுத்தான் தருவோம் என்கிறார்கள். சரி என்று விட்டுவிடலாமா, வேண்டாம் என்று எழுதிக் கொடுக்கலாமா?" இதுதான் கேள்வி.

வெவ்வேறு மருத்துவமனைகளின் பதிவு சாஃப்ட்வேர்களை ஒன்றோடொன்று பேசவைப்பதுதான் பல வருஷமாக என் வேலை. பகிர்வதால் உயிர்கள் பிழைக்கின்றன என்று மனசார நம்புகிறேன். அது எங்கெல்லாம் கெட்டுப்போனது என்பதையும் கூடவே பார்த்து வந்திருக்கிறேன். அதனால் பதில் கொஞ்சம் நீளம்.

பகிராவிட்டால் என்ன ஆகும் என்பதிலிருந்து ஆரம்பிக்கிறேன். ஒரு ராத்திரி, சர்வர் கோளாறு ஒன்றைச் சரிசெய்ய ஒரு மருத்துவமனையின் அவசரப் பிரிவில் இருந்தேன். கீழே விழுந்து தலையில் அடிபட்ட ஒரு பெரியவரைக் கொண்டுவந்தார்கள். நினைவில்லை. கூட வந்த மகளின் கையில் ஒரு துணிப்பை. அதற்குள் மூன்று வருஷத்து ரிப்போர்ட்கள், வரிசையில்லாமல், பாதி மை மங்கி. டாக்டருக்கு அந்த நிமிஷம் தெரிய வேண்டியது ஒன்றுதான்: ரத்தம் உறையாமல் இருக்க ஏதாவது மாத்திரை சாப்பிடுகிறாரா? வார்ஃபரின் என்ற மாத்திரையாக இருந்தால், ரத்தம் உறைய எவ்வளவு நேரம் ஆகிறது என்று பார்க்கிற ஐஎன்ஆர் பரிசோதனையில் தெரிந்துவிடும். இப்போது பலர் சாப்பிடும் அபிக்ஸபான் போன்ற மாத்திரைகளை அந்தப் பரிசோதனை சரியாகக் காட்டிக்கொடுக்காது. நர்ஸ் ஒருவர் காகிதங்களைக் கட்டிலின் ஓரத்தில் பரப்பி ஒவ்வொன்றாகத் திருப்பினார். கடைசியில் ஒரு ஸ்கேன் கவருக்குள் மடித்து வைத்திருந்த சீட்டில் அவர் சாப்பிட்ட மாத்திரையின் பெயர் இருந்தது. அதே தகவல் இன்னொரு மருத்துவமனையின் கம்ப்யூட்டரில் தெளிவாக இருந்திருக்கும். எடுக்கத்தான் வழியில்லை.

ஒருவரின் மருத்துவ வரலாறு எப்போதும் ஒரே இடத்தில் இருப்பதில்லை. ரத்தப் பரிசோதனை ஒரு லேபில், ஸ்கேன் இன்னோர் இடத்தில், மருந்துக் கணக்கு மருந்துக்கடையில், அறுவைச் சிகிச்சைக் குறிப்பு மருத்துவமனையில். இவற்றில் சில அரசுடையவை, சில தனியாருடையவை. முழுக்க அரசே நடத்துகிற மருத்துவ அமைப்பிலும் தனியார் உள்ளே இருக்கிறார்கள். பிரிட்டனின் தேசிய மருத்துவச் சேவையான என்எச்எஸ் அரசுடையது. அங்கே குடும்ப மருத்துவர்களின் பதிவுகள் பெரும்பாலும் டிபிபி, ஈமிஸ் என்ற தனியார் நிறுவனங்களின் சாஃப்ட்வேரில்தான் இருக்கின்றன. "தனியாரே வேண்டாம்" என்று சொல்வது சுலபம், நடைமுறையில் அப்படி ஒரு வழி இல்லை. எந்தத் தனியாருக்கு, எதற்காக, எவ்வளவு என்பதைத்தான் நாம் தீர்மானிக்க முடியும்.

வெளியில் இருப்பவர்களுக்குத் தெரியாத ஒரு சிக்கலையும் சொல்லிவிடுகிறேன். ஒயரை இழுத்து இரண்டு கம்ப்யூட்டர்களை இணைத்துவிட்டால் பதிவுகள் சேர்ந்துவிடாது. சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று பார்க்கிற கிரியேட்டினின் அளவை ஒரு லேப் 1.2 என்று எழுதும், இன்னொரு லேப் 106 என்று எழுதும். இரண்டும் ஒரே அளவு. முன்னது டெசிலிட்டருக்கு மில்லிகிராம், பின்னது லிட்டருக்கு மைக்ரோமோல். அலகைக் குறிக்கும் கட்டத்தைக் காலியாக விட்டு அனுப்புகிற லேப்களை நான் பார்த்திருக்கிறேன். போன மாதம் 1.2, இந்த மாதம் 106 என்று திரையில் வந்தால் பார்க்கிறவருக்குத் தூக்கிவாரிப்போடும். இதற்காகத்தான் ஒவ்வொரு பரிசோதனைக்கும் ஒரே குறியீடு தரும் லாயிங்க் பட்டியல், பதிவுகளை ஒரே வடிவில் அனுப்பும் ஃபயர் என்ற தரம் எல்லாம் வந்தன. அப்புறம், ஆள் மாறாட்டம். ஒரே பெயரில் பலர், எழுத்துப் பிழையோடு சிலர், பிறந்த தேதி தெரியாததால் ஜனவரி 1 என்று பதிந்தவர்கள் பலர். இரண்டு பேரின் பதிவுகள் தவறாக ஒன்றாகிவிட்டால், ஒருவருடைய பெனிசிலின் ஒவ்வாமை இன்னொருவர் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும். ஒவ்வாமை உள்ளவரின் பக்கத்தில் அது இல்லாமல் போகும். பதிவே இல்லாததைவிட இது ஆபத்து. பகிர்வுத் திட்டம் ஒன்றை அறிவிக்கும்போது இந்தச் சுத்தப்படுத்தும் வேலைக்கு எவ்வளவு ஆட்கள், எவ்வளவு காலம் என்று சொல்லாவிட்டால் எனக்கு உடனே சந்தேகம் வரும்.

இப்போது கேள்வியின் மையத்துக்கு வருகிறேன். பகிர்வு என்ற ஒரே வார்த்தைக்குள் இரண்டு வேறு காரியங்கள் இருக்கின்றன. ஒன்று, உங்களுக்குச் சிகிச்சை தருகிற டாக்டர் உங்கள் பதிவைப் பார்ப்பது. இன்னொன்று, ஆராய்ச்சி, திட்டமிடல், புது மருந்து, புது சாஃப்ட்வேர் என்று உங்கள் சிகிச்சைக்கு நேரடியாகத் தொடர்பில்லாத வேலைக்கு லட்சக்கணக்கானவர்களின் பதிவுகளை மொத்தமாக எடுப்பது. முதலாவதற்கு நாம் மருத்துவமனைக்குள் நுழையும்போதே சம்மதிக்கிறோம் என்று சொல்லலாம். இரண்டாவதற்கு அப்படிச் சொல்ல முடியாது. பெரிய தகராறுகள் எல்லாம் இரண்டாவதை முதலாவதன் பெயரில் செய்தபோதுதான் வந்தன.

லண்டனில் நடந்ததைக் கொஞ்சம் விரிவாகப் பார்க்கலாம். அங்குள்ள ராயல் ஃப்ரீ மருத்துவமனை அறக்கட்டளை 2015 செப்டம்பரில் கூகுளின் செயற்கை நுண்ணறிவு நிறுவனமான டீப்மைண்டோடு ஓர் ஒப்பந்தம் போட்டது. நோக்கம் நல்லது. சிறுநீரகம் திடீரென்று செயலிழப்பதை ரத்தப் பரிசோதனை முடிவுகளிலிருந்து கண்டுபிடித்து, டாக்டரின் போனுக்கு உடனே எச்சரிக்கை அனுப்ப ஸ்ட்ரீம்ஸ் என்று ஒரு செயலி. இதைச் சோதித்துப் பார்க்கச் சுமார் 16 லட்சம் பேரின் பதிவுகள் நிறுவனத்துக்குப் போயின; பெயரோடு, அடையாளத்தோடு. சிறுநீரகப் பிரச்சினை உள்ளவர்கள் மட்டும் அல்ல, எலும்பு முறிந்து வந்தவரும் அதில் இருந்தார். நோயாளிகளிடம் யாரும் சொல்லவில்லை. நேரடிச் சிகிச்சைக்குத்தானே, ஒப்புதல் இருப்பதாக எடுத்துக்கொள்ளலாம் என்பது மருத்துவமனையின் வாதம். 2016-ல் பத்திரிகையில் விவரம் வெளிவந்தது. 2017 ஜூலையில் பிரிட்டனின் தகவல் ஆணையர் அலுவலகம், மருத்துவமனை தரவுப் பாதுகாப்புச் சட்டத்தை மீறிவிட்டது என்று முடிவு சொன்னது. ஒரு செயலி பாதுகாப்பாக ஓடுகிறதா என்று சோதிப்பது யாருக்கும் தரப்படுகிற சிகிச்சை இல்லை. அதற்காகத் தங்கள் பதிவு வெளியே போகும் என்று எந்த நோயாளியும் எதிர்பார்த்திருக்க முடியாது. பதில் சொல்ல வேண்டிய பொறுப்பு தரவை வாங்கிய நிறுவனத்தின் மேல் விழவில்லை, கொடுத்த மருத்துவமனையின் மேல்தான் விழுந்தது என்பதையும் கவனியுங்கள்.

இந்தச் சம்பவத்தில் என்னை உறுத்துகிற விஷயம் ஒன்று உண்டு. செயலி மோசமானதில்லை. அதில் செயற்கை நுண்ணறிவுகூடக் கிடையாது; என்எச்எஸ் ஏற்கெனவே வைத்திருந்த கணக்கீட்டு முறையைத்தான் அது பயன்படுத்தியது. சோதனைக்குப் போலிப் பதிவுகளை உருவாக்கிக்கொண்டிருக்கலாம். குறைந்தபட்சம் மருத்துவமனைச் சுவரில் ஒரு அறிவிப்பாவது ஒட்டியிருக்கலாம். செய்திருந்தால், ஒரு நல்ல கருவி இந்தக் கெட்ட பெயரோடு அறிமுகமாகியிருக்காது.

அதே நாட்டில் அதற்குச் சற்று முன்பு கேர்.டேட்டா என்று ஒரு திட்டம். குடும்ப மருத்துவர்களிடம் இருந்த பதிவுகளை மொத்தமாகத் திரட்ட நினைத்தார்கள். 2014 தொடக்கத்தில் வீடு வீடாக ஒரு துண்டறிக்கை போட்டார்கள். அதில் திட்டத்தின் பெயரும் இல்லை, வேண்டாம் என்பவர்கள் நிரப்ப ஒரு படிவமும் இல்லை. எதிர்ப்பு கிளம்பி, நிறுத்தி வைத்து, 2016 ஜூலையில் மூடியே விட்டார்கள். அவசரப்பட்டதால் இரண்டரை வருஷம் வீணானது மட்டும் அல்ல, மக்களின் நம்பிக்கையும் போனது. போன நம்பிக்கை அடுத்த திட்டத்துக்கும் சேர்த்துத்தான் போகிறது.

அடுத்து, "பெயரை எடுத்துவிட்டோம்" என்ற உறுதிமொழி. 1990-களின் நடுவில் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில், அரசு ஊழியர்களின் மருத்துவக் காப்பீட்டைக் கவனித்த ஆணையம் சுமார் 1,35,000 பேரின் பதிவுகளை ஆய்வுக்குக் கொடுத்தது. பெயர், முகவரி இல்லை. பிறந்த தேதி, ஆணா பெண்ணா, அஞ்சல் குறியீடு மூன்றும் இருந்தன. அப்போது ஆராய்ச்சி மாணவியாக இருந்த லதான்யா ஸ்வீனி, கேம்பிரிட்ஜ் நகரின் வாக்காளர் பட்டியலை 20 டாலருக்கு வாங்கினார். மாநில ஆளுநர் வில்லியம் வெல்ட் அந்த நகரவாசி. அவருடைய பிறந்த தேதி உள்ளவர்கள் நகரில் ஆறு பேர். அதில் ஆண்கள் மூன்று பேர். அவருடைய அஞ்சல் குறியீட்டில் இருந்தவர் ஒரே ஒருவர். அவ்வளவுதான், ஆளுநரின் மருத்துவப் பதிவு கையில். பிறகு 2000-ல் ஸ்வீனி போட்ட கணக்கு இன்னும் பெரிய அதிர்ச்சி: இந்த மூன்று விவரங்களே போதும், அமெரிக்கர்களில் 87 சதவீதம் பேரைத் தனித்தனியாக அடையாளம் காட்டிவிடும்.

பெரும்பாலான திட்டங்களில் பெயரை நீக்குவது என்றால், பெயர் இருந்த இடத்தில் ஒரு எண்ணை வைப்பதுதான். எந்த எண் யாருடையது என்று காட்டும் சாவி எங்கோ ஒருவரிடம் இருக்கும். ஒரே ஆளின் பல வருஷப் பதிவுகளைத் தொடர்ந்து பார்க்க வேண்டிய ஆராய்ச்சிக்கு அந்த எண் தேவை, அதைக் குறை சொல்லவில்லை. ஆனால் அதற்கு "அடையாளமே இல்லாத தரவு" என்று பெயர் வைப்பது சரியில்லை. அபூர்வமான நோய் உள்ளவரையோ, ஒரே பிரசவத்தில் மூன்று குழந்தை பெற்றவரையோ பெயரில்லாமலே கண்டுபிடித்துவிடலாம். ஆகவே தரவை நகல் எடுத்து வெளியே அனுப்புகிற எந்த ஏற்பாட்டிலும், பெயர் நீக்கம் ஒரு பூட்டு மட்டும்தான். தனியாக அது போதாது.

ஒப்புதல் விஷயத்தில் ஐஸ்லாந்தின் அனுபவத்தை அடிக்கடி நினைத்துக்கொள்வேன். 1998 டிசம்பரில் அந்த நாட்டு நாடாளுமன்றம் ஒரு சட்டம் போட்டது. நாட்டு மக்கள் எல்லோருடைய மருத்துவப் பதிவுகளையும் ஒரே தரவுத்தளமாக்கி, அதை உருவாக்கி நடத்தும் தனி உரிமையை ஒரு நிறுவனத்துக்குத் தரலாம் என்றது. டிகோட் ஜெனிட்டிக்ஸ் என்ற மரபணு ஆராய்ச்சி நிறுவனத்துக்கு அது கிடைத்தது. வேண்டாம் என்று எழுதிக் கொடுக்காத எல்லோரும் சம்மதித்தவர்கள் என்று கணக்கு. மூன்று லட்சத்துக்கும் குறைவான மக்கள்தொகையில் சுமார் 20,000 பேர் எழுதிக் கொடுத்தார்கள். அதற்குள் ஒரு வழக்கு. இறந்துபோன தன் தந்தையின் பதிவுகளை அதில் சேர்க்கக் கூடாது என்று ஒரு பெண் கேட்டாள். அப்பாவின் பரம்பரைத் தகவலிலிருந்து தன்னைப் பற்றியும் ஊகிக்க முடியும் என்பது அவள் வாதம். 2003 நவம்பரில் உச்ச நீதிமன்றம் அதை ஏற்றுக்கொண்டது. அந்தத் தரவுத்தளம் கடைசிவரை எழும்பவே இல்லை. ஒருவரின் உடம்பைப் பற்றிய தகவல் அவரோடு நின்றுவிடுவதில்லை, பிள்ளைகளையும் தொடும் என்று ஒரு நீதிமன்றம் எழுத்தில் சொன்னது எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது.

இவ்வளவு சொன்னதால் எல்லாமே தோல்வி என்று நினைத்துவிட வேண்டாம். 2020-ல் கொரோனா பரவியபோது, யாருக்கு ஆபத்து அதிகம் என்று உடனே தெரிய வேண்டியிருந்தது. ஆக்ஸ்ஃபோர்டில் பென் கோல்ட்ஏகர் தலைமையிலான குழுவும் லண்டன் சுகாதார, வெப்பமண்டல மருத்துவக் கல்லூரி ஆய்வாளர்களும் டிபிபி நிறுவனத்தோடு சேர்ந்து ஓபன்சேஃப்லி என்று ஒரு ஏற்பாட்டைச் சில வாரங்களில் கட்டினார்கள். அதில் பதிவுகள் இடம் மாறவே இல்லை. நிறுவனத்தின் சர்வரில், ஏற்கெனவே இருந்த இடத்திலேயே இருந்தன. ஆய்வாளர் போலித் தரவை வைத்து நிரலை, அதாவது கணக்குப் போடும் புரோகிராமை, எழுதுவார். அந்த நிரல்தான் உள்ளே போகும். வெளியே வருவது மொத்தக் கணக்கு அட்டவணை மட்டும், அதுவும் சரிபார்த்த பிறகு. எந்த நிரல் எப்போது ஓடியது என்பது யார் வேண்டுமானாலும் பார்க்கும்படி பதிவாகும். இப்படி 1.7 கோடி பேரின் பதிவுகளைக் கொண்டு வயது, நீரிழிவு, வறுமை போன்றவற்றுக்கும் கொரோனா மரணத்துக்கும் உள்ள தொடர்பைக் கணக்கிட்டு அந்த ஆண்டே வெளியிட்டார்கள். தரவை நோக்கி நிரல் போக வேண்டும், நிரலைத் தேடித் தரவு போகக் கூடாது. அரசு, பல்கலைக்கழகம், தனியார் மூன்றும் கைகோத்த வேலைகளில் நான் மனம் நிறைந்து பாராட்டுவது இது.

சிகிச்சைக்கான பகிர்வுக்கு எஸ்டோனியாவைச் சொல்வேன். 2008 கடைசியிலிருந்து நாடு முழுவதற்குமான மருத்துவப் பதிவு அமைப்பு அங்கே ஓடுகிறது. நோயாளி தன் அடையாள அட்டையோடு உள்ளே போனால் தன் பதிவுகளோடு, அவற்றை யார் எப்போது திறந்து பார்த்தார்கள் என்பதையும் பார்க்கலாம். சில ஆவணங்களை மறைத்தும் வைக்கலாம். காரணமில்லாமல் திறந்தவர் பதில் சொல்லியாக வேண்டும். அந்தப் பார்த்தவர் பட்டியலை யாரும் பின்னால் திருத்திவிடாமல் காக்கிற தொழில்நுட்பத்தைக் கொடுத்தது கார்ட்டைம் என்ற தனியார் நிறுவனம். தனியாரின் திறமை நோயாளிக்குக் கண்ணாகப் பயன்பட்ட இடம் அது.

ஒப்புதல் திரை நன்றாக வடிவமைத்திருந்தாலும் கவுண்டரில் என்ன நடக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். இந்தியாவில் 2021 செப்டம்பரில் நாடு முழுவதும் தொடங்கிய, மருத்துவப் பதிவுகளை இணைக்கும் அரசுத் திட்டமான ஆயுஷ்மான் பாரத் டிஜிட்டல் மிஷனின் அமைப்பு காகிதத்தில் நல்ல அமைப்பு. பதிவு உருவான இடத்திலேயே இருக்கும். யார், எதற்காக, எந்தத் தேதியிலிருந்து எதுவரை பார்க்கலாம் என்று ஒப்புதலிலேயே குறிக்கலாம். பிறகு திரும்பப் பெறலாம். ஆனால் வரிசையில் ஐம்பது பேர் நிற்கும்போது, "ஓடிபி வந்துச்சா, சொல்லுங்க" என்று கேட்டு, அந்த ஆறு இலக்கத்தைத் தட்டி முடிப்பதை எல்லோரும் பார்த்திருப்போம். சொன்னவருக்குத் தான் எதற்குச் சம்மதித்தோம் என்று தெரியாது. கேட்டவருக்கும் அநேகமாகத் தெரியாது. அதை ஒப்புதல் என்று என்னால் ஏற்க முடியவில்லை.

திருட்டைப் பற்றிச் சுருக்கமாக. அரசிடம் இருந்தால் பத்திரம், தனியாரிடம் இருந்தால் ஆபத்து என்று பிரிக்க முடியாது. 2018-ல் சிங்கப்பூரின் அரசு சார்ந்த சிங்ஹெல்த் அமைப்பிலிருந்து 15 லட்சம் பேரின் விவரங்கள் திருடு போயின, பிரதமருடையதும் சேர்த்து. ஃபின்லாந்தில் வஸ்தாமோ என்ற தனியார் உளச்சிகிச்சை நிறுவனத்தின் பதிவுகளைத் திருடியவன், 2020 அக்டோபரில் நோயாளிகளுக்கே நேரடியாக மின்னஞ்சல் அனுப்பிப் பணம் கேட்டு மிரட்டினான். சுமார் 33,000 பேர் பாதிக்கப்பட்டார்கள். மனசுக்குள் இருந்ததை ஒரு அறைக்குள் நம்பிச் சொன்னவர்கள் அவர்கள். கடவுச்சொல் போனால் மாற்றலாம், இதை என்ன செய்து மாற்றுவது? பிரதிகள் எத்தனை இடத்தில் இருக்கின்றனவோ அத்தனை இடத்திலும் இந்த ஆபத்து உண்டு.

ஒப்பந்தங்களில் நான் முதலில் தேடுகிற பக்கங்களையும் சொல்லிவிடுகிறேன். தரவைக் கொண்டு செய்த சாஃப்ட்வேர் கடைசியில் யாருக்குச் சொந்தம், அதே பொது மருத்துவமனை அதை விலை கொடுத்து வாங்க வேண்டி வருமா? நிறுவனம் கைமாறினால் தரவும் கூடவே போகுமா? ஒப்பந்தம் முடிந்ததும் அழித்தார்களா என்று யார் போய்ச் சரிபார்ப்பார்கள்? காப்பீட்டு நிறுவனமும் விளம்பர நிறுவனமும் தொடக் கூடாது என்று எழுதியிருக்கிறதா? ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025 மார்ச்சில் அமலுக்கு வந்த சுகாதாரத் தரவு விதிமுறை இந்தக் கடைசி விஷயத்தைச் சட்டமாகவே ஆக்கியிருக்கிறது. ஆராய்ச்சிக்கென்று எடுத்த பதிவை வைத்து ஒருவரின் காப்பீட்டுத் தொகையை ஏற்றவோ விளம்பரம் செய்யவோ கூடாது. அதன் முக்கியமான பகுதிகள் நடைமுறைக்கு வர இன்னும் சில ஆண்டுகள் ஆகும், ஆனாலும் எல்லா நாடுகளும் எடுத்துக்கொள்ள வேண்டிய விதி இது.

இனி உங்களுக்கு. சிகிச்சைக்கான பகிர்வுக்குச் சரி என்று சொல்லுங்கள். அந்தத் துணிப்பை இரவை நேரில் பார்த்தவனாகச் சொல்கிறேன். ஆராய்ச்சிக்கான பகிர்வுக்கு உடனே கையெழுத்துப் போட வேண்டாம். எந்த நிறுவனத்துக்கு, எந்த வேலைக்கு, எவ்வளவு காலத்துக்கு என்று எழுத்தில் கேளுங்கள். பதிவு வெளியே நகலாகப் போகிறதா, இருக்கும் இடத்திலேயே நிரல் வந்து கணக்குப் பார்க்கிறதா என்று கேளுங்கள். என் பதிவைத் திறந்தவர்களின் பட்டியலை நான் பார்க்க முடியுமா என்று கேளுங்கள். இவற்றுக்கு நேரான பதில் கிடைத்தால் தாராளமாகச் சம்மதியுங்கள்; உங்கள் பதிவு எங்கோ முகம் தெரியாத ஒருவரின் சிறுநீரகத்தைக் காப்பாற்றலாம். பதில் கிடைக்காவிட்டால் இரண்டாவதற்கு மட்டும் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு அத்தாட்சி வாங்கிக்கொள்ளுங்கள். அப்படி எழுதிக் கொடுப்பதால் உங்கள் சிகிச்சைக்கு எந்தக் குறையும் வரக் கூடாது, அதையும் அந்த அத்தாட்சியிலேயே எழுதித் தரச் சொல்லுங்கள்.